கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கச்சேரிக்குப் போனவர்கள்



கோடை வந்துவிட்டால் அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் சிலர் ஒரே மாதிரிப் படங்களைப் போடுகிறார்கள். காரின் பின்பக்கம் ஒரு கூடாரம், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி. பக்கத்தில் ஒரு நண்பன். "பிடிச்ச பேண்ட் வாசிக்குது சார், எட்டு மணி நேரம் ஓட்டிப் போறோம்" என்று ஒரு வரி. அதன் கீழே நம் உறவில் ஒரு பெரியவர், "பாட்டுக் கேட்க ஐந்நூறு மைல் போய் மண்ணில் படுக்கணுமா? வீட்டில் ஸ்பீக்கர் இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் முப்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவாரா? ஒரு டம்ளர் காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் அந்த இசைக்குழு. 1965-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் ஐந்து இளைஞர்கள் கொண்ட ஒரு குழு உருவானது. ஜெர்ரி கார்சியாவும் பாப் வியரும் கிட்டார். ஃபில் லெஷ் பேஸ் கிட்டார். பில் க்ரூட்ஸ்மன் டிரம்ஸ். 'பிக்பென்' என்ற பட்டப்பெயர் கொண்ட ரான் மெக்கெர்னன் ஆர்கனும் பாட்டும். முதலில் 'வார்லாக்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று மாற்றிக்கொண்டார்கள். அகராதியைப் புரட்டியபோது கார்சியாவின் கண்ணில் பட்ட சொல் அது.

'நன்றியுள்ள பிணம்' என்று பொருள். கேட்கும்போது அபசகுனமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அது பல நாடுகளில் வழங்கும் ஒரு நாட்டுப்புறக் கதை வகையின் பெயர். வழிப்போக்கன் ஒருவன் ஓர் ஊரில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். கடனை அடைக்காமல் செத்தவன் என்று ஊரார் அடக்கம் செய்ய விடவில்லை. வழிப்போக்கன் கையிலிருந்த கடைசிக் காசைக் கொடுத்து அடக்கம் செய்துவிட்டு நடக்கிறான். பிறகு வழியில் ஒருவன் துணைக்கு வருகிறான், ஆபத்துகளில் காப்பாற்றுகிறான். கடைசியில்தான் தெரிகிறது, வந்த துணைவன் அந்த இறந்தவனே என்று. கைமாறு எதிர்பாராமல் கொடுத்ததும், வழித்துணையும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாறு முழுக்க இவை திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து அவர்களின் இசை. மற்ற ராக் குழுக்கள் இசைத்தட்டில் வந்த பாட்டை மேடையில் அப்படியே வாசித்தன. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. இன்று என்ன பாட்டு, எந்த வரிசை, எவ்வளவு நேரம் என்பது அன்றைக்கு அன்றைக்குத்தான். நம் சங்கீதக்காரர்கள் மனோதர்மம் என்று சொல்வதற்கு நெருக்கமானது. ஒரே பாட்டு ஒரு நாள் ஏழு நிமிடம் வரும், இன்னொரு நாள் இருபத்தைந்து நிமிடம் போகும். முப்பது ஆண்டுகளில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்தார்கள். ஒன்று போல இன்னொன்று இல்லை.

இதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. 1967-ல் மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராகக் குழுவில் சேர்ந்தார். தபலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்து அவரிடம் தாளக் கணக்கு கற்றுக்கொண்டவர் இவர். அந்தக் காலத்தில் பதினோரு எண்ணிக்கையில் ஒரு பாட்டையே இந்தக் குழு அமைத்தது. பிற்காலக் கச்சேரிகளின் இரண்டாம் பாதியில் ஹார்ட்டும் க்ரூட்ஸ்மனும் மட்டும் மேடையில் நின்று நீண்ட நேரம் வாசிப்பார்கள். நம் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. 1991-ல் ஹார்ட் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனோடு, கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். 'உலக இசை' என்ற பிரிவில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருது அந்தத் தொகுப்புக்குத்தான் போனது.

சரி, இசை நன்றாக இருந்தால் மட்டும் மக்கள் ஊர் ஊராகப் பின்னால் போய்விடுவார்களா? வகுப்பில் நான் அடிக்கடி சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்: மனிதர்களின் ஆசையை மட்டும் பார்க்காதே, அந்த ஆசைக்குப் பாதை போட்டது எது என்று பார். இங்கே பாதை என்பது நிஜமான பாதையே.

1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளை அமைக்க வழிசெய்தது. கிரேட்ஃபுல் டெட் தொடங்கிய காலத்தில் அந்தச் சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. 1950-லிருந்து ஜெர்மனியில் தயாரான ஃபோக்ஸ்வேகன் வேன்கள், அறுபதுகளின் முடிவில் பழைய வண்டியாக மலிந்த விலைக்குக் கிடைத்தன. பின் இருக்கையைக் கழற்றிவிட்டால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். 1962-ல் மான்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் 'கே.ஓ.ஏ.' என்ற முகாம் நிறுவனம் தொடங்கியது. சாலையோரம் கூடாரம் போட இடம், வெந்நீர்க் குளியல், கழிவறை, ஒரு சின்னக் கடை. சில டாலர் கொடுத்தால் போதும். ஆக, ஓட்டலில் அறை எடுக்கக் காசில்லாத இருபது வயதுப் பையனும் பெண்ணும் நாட்டைச் சுற்றலாம் என்ற நிலை ஒரே தலைமுறையில் வந்துவிட்டது.

1971-ல் குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் உறைக்குள் ரசிகர்களுக்கு ஒரு சிறு அறிவிப்பு: நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், பெயரும் முகவரியும் அனுப்புங்கள், நாங்கள் உங்களுக்குச் செய்தி சொல்கிறோம் என்று. கடிதங்கள் வந்து குவிந்தன. அடுத்த கச்சேரி எங்கே என்று தபாலில் செய்திமடல் போயிற்று. 'டெட்ஹெட்' என்று இந்த ரசிகர்கள் தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு 1973 ஜூலை 28 ஒரு சான்று. நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற கார் பந்தயத் திடல். கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட், ஆல்மன் பிரதர்ஸ் என்று மூன்று குழுக்கள். விற்ற டிக்கெட் சுமார் ஒன்றரை லட்சம். வந்தவர்கள் சுமார் ஆறு லட்சம். சாலை அடைபட்டதால் மக்கள் வண்டிகளை ஓரத்தில் விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள். முந்தின நாளே பெருங்கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒலி சரிபார்க்க மேடையேறிய கிரேட்ஃபுல் டெட், அவர்களுக்காக முழுக் கச்சேரி அளவுக்கு வாசித்தது. டிக்கெட் இல்லாமல் வந்தவர்கள் எத்தனை மடங்கு என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். அன்று அது திருவிழா. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே கணக்கு வேறு மாதிரி முடிந்தது.

இப்போது ஒரு பயணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1985 ஜூன் மாதம். இரண்டு நண்பர்கள் ஒரு பழைய வேனில் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் கற்பனை, கச்சேரிகள் நிஜம். ஜூன் 21, 22 இரண்டு நாளும் விஸ்கான்சின் மாநிலம் ஆல்பைன் வேலி. 24 சின்சினாட்டி. மாத முடிவில் மேரிலாந்து.

டிக்கெட் எப்படி வாங்கினார்கள்? 1983 முதல் குழுவே தபால் மூலம் நேரடியாக டிக்கெட் விற்றது. இடைத்தரகர் கிடையாது. ஒரு தொலைபேசி எண்ணைச் சுழற்றினால் பதிவுசெய்த குரல் ஊர், தேதி, விதிமுறை எல்லாம் சொல்லும். மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டையில் விவரம் எழுதி, பணத்துக்கு மணியார்டர் வைத்து அனுப்ப வேண்டும். கூட்டம் அதிகம். எல்லோருக்கும் கிடைக்காது. தங்கள் உறை கண்ணில் படட்டும் என்று ரசிகர்கள் அதன்மேல் ரோஜாவும் மண்டையோடும் கரடியுமாக வண்ணத்தில் வரைந்து அனுப்பினார்கள்.

செலவு? ஆல்பைன் வேலியிலிருந்து சின்சினாட்டி சுமார் 600 கிலோமீட்டர். அப்போது நாடு முழுவதும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். ஏழு மணி நேர ஓட்டம். பெட்ரோல் கேலன் 1.20 டாலர் அளவில் விற்றது. ஒரு கேலனுக்கு 20 மைல் ஓடும் வேன் என்றால் 22, 23 டாலர் ஆகும். இருவர் பிரித்தால் ஆளுக்கு பதினொன்று, பன்னிரண்டு. அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலர். ஆக, ஓட்டலில் தட்டுக் கழுவுகிற பையனுக்கு மூன்றரை மணி நேர வேலையின் கூலி ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடும். நண்பன் எதற்கு என்று இப்போது புரிகிறதா? தனியாகப் போனால் செலவு இரட்டிப்பு, இரவில் ஓட்டும்போது கண் சொக்கும், கூடாரக் கம்பியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்காது. கச்சேரி முடிந்த பிறகு, "அந்த இடத்தில் என்ன செய்தார் பார்த்தாயா?" என்று கேட்க ஒரு ஜோடிக் காது வேண்டும். பல பேருக்கு வாழ்நாள் நட்பு அமைந்தது இந்த ஏழு மணி நேரச் சாலைகளில்தான்.

சாப்பாட்டுக்கும் மீதிச் செலவுக்கும் அரங்கின் வாகன நிறுத்தம் உதவியது. கச்சேரிக்குப் பல மணி நேரம் முன்பே அங்கே ஒரு சந்தை கூடிவிடும். குழுவின் ஒரு பாட்டின் பெயரால் 'ஷேக்டவுன் தெரு' என்று அதை அழைத்தார்கள். அடுப்பு மூட்டிச் சீஸ் வைத்த ரொட்டியைச் சுட்டு ஒரு டாலருக்கு விற்பார்கள். சாயம் முடிந்து கட்டிய பனியன்கள், மணிமாலைகள், கையால் தைத்த பாவாடைகள். இருபது ரொட்டி விற்றால் அடுத்த ஊருக்குப் பெட்ரோல் ஆயிற்று. டிக்கெட் கிடைக்காதவர்கள் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நடப்பார்கள். 'எனக்கு ஓர் அற்புதம் வேண்டும்' என்று அதற்குப் பொருள். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வந்து கையில் ஒரு டிக்கெட்டை வைத்துவிட்டுப் போவார். காசு வாங்கமாட்டார். வழிப்போக்கன் கதையை மறந்துவிடாதீர்கள்.

இந்த ஊர்வலத்துக்குள் ஒழுங்கும் இருந்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீள நினைத்த ரசிகர்கள் 'வார்ஃப் ராட்ஸ்' என்று தங்களுக்குள் ஒரு குழு அமைத்தார்கள். கச்சேரியின் இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய ஒரு மேசையருகே கூடி, இன்று இரவைத் தெளிந்த மனதோடு கடக்க ஒருவருக்கொருவர் துணை நிற்பார்கள். காது கேளாதவர்களுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்பார். ரசிகர்கள் பலூனை இரு கைகளால் பிடித்துக்கொண்டு அதன் அதிர்வில் இசையை உணர்வார்கள். காதில்லாதவரும் கச்சேரிக்கு வந்தார்கள் என்றால், அந்தக் கூட்டம் அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 1989 கோடையில், வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் சமூகவியல் கற்பித்த ரெபேக்கா ஆடம்ஸ், மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு கிரேட்ஃபுல் டெட் சுற்றுப்பயணத்தின் பின்னால் போனார். களப்பணிப் பாடம் அது. ஒரே இடத்தில் வசிக்காத மக்கள் எப்படி ஒரு சமூகமாக இருக்க முடியும் என்பது அவருடைய கேள்வி. வரிப்பணத்தில் ஊர் சுற்றுகிறார்கள் என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பயணத்தில் தொடங்கிய ஆய்வு, பின்னாளில் 'டெட்ஹெட் சமூக அறிவியல்' என்ற தொகுப்பு நூல் வரை வளர்ந்தது. கல்விச் சுற்றுலா என்றால் மிருகக்காட்சி சாலை மட்டும்தானா? எனக்கு அந்த அம்மாள் மீது கொஞ்சம் பொறாமை உண்டு.

அடுத்தது கேசட். கச்சேரியில் யாராவது ஒலிப்பதிவுக் கருவியை எடுத்தால் மற்ற குழுக்களின் ஆட்கள் பிடுங்கி வெளியே அனுப்புவார்கள். கிரேட்ஃபுல் டெட் கண்டும் காணாமல் விட்டது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே நியூயார்க்கில் ரசிகர்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லியில் நடந்த கச்சேரியிலிருந்து, ஒலிப்பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். நீண்ட கம்பிகளின் உச்சியில் மைக்குகள் காடு போல் நிற்கும். ஒரே ஒரு விதி: விற்கக் கூடாது. வெற்றுக் கேசட்டும் தபால்தலையும் அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் பதிவுசெய்து திருப்பி அனுப்புவார். நீங்கள் இன்னொருவருக்கு அதையே செய்ய வேண்டும்.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. வீட்டில் கேசட் இருக்கும்போது ஐந்நூறு மைல் போவானேன்? உண்மையில் கேசட்தான் அவர்களை வீட்டிலிருந்து கிளப்பியது. பத்துக் கச்சேரியின் பதிவைக் கேட்டவனுக்கு, நாளைக்கு வரப்போவது இந்தப் பத்திலும் இல்லாதது என்று தெரியும். அந்த இரவில் அந்த இடத்தில் இருந்தால்தான் அது கிடைக்கும். பதிவை இலவசமாகக் கொடுத்தால் கச்சேரிக்குக் கூட்டம் குறையும் என்று வியாபாரிகள் நினைத்தார்கள். இங்கே கூடியது. அளவுக்கு மேல் கூடியது.

1987 ஜூலையில் 'இன் தி டார்க்' என்ற இசைத்தொகுப்பு வந்தது. அதிலிருந்த 'டச் ஆஃப் கிரே' என்ற பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடத்துக்குப் போனது. குழு தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் பத்தில் நுழைந்த அவர்களின் ஒரே பாட்டு. தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடியது. அதைப் பார்த்துப் புதிய கூட்டம் வந்தது. அதில் பெரும்பகுதி கச்சேரிக்கு வரவில்லை, வாகன நிறுத்தத்தின் கொண்டாட்டத்துக்கு வந்தது. டிக்கெட்டும் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் படுத்தார்கள், குப்பையைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊர்கள் முகம் சுளித்தன. 1989-ல் வாகன நிறுத்தத்தில் கூடாரம் போடவும் பொருள் விற்கவும் தடை வந்தது. குழுவே அந்தத் தடையை ஆதரித்து ரசிகர்களுக்கு எழுதியது. இப்படிச் செய்யாவிட்டால் நம்மை எந்த ஊரும் உள்ளே விடாது என்பது அவர்கள் பயம்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் இப்போது பெற்றோர்கள். இந்தக் கூட்டத்தில் தொடக்கம் முதலே எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் புழங்கியது. 1986-ல் அமெரிக்கா கடுமையான போதைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. எல்.எஸ்.டி. கலந்த பொருள் ஒரு கிராம் விற்றால் குறைந்தது ஐந்து ஆண்டு, பத்து கிராம் என்றால் குறைந்தது பத்து ஆண்டு சிறை. நீதிபதி இரக்கப்பட்டாலும் குறைக்க இயலாது. இந்தப் பொருளைத் தாளில் நனைத்துத்தான் விற்பார்கள். அப்படியானால் தாளின் எடையைச் சேர்ப்பதா, கூடாதா? 1991-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆயிரம் வேளைக்கான தாள்கள், மொத்த எடை 5.7 கிராம். அதில் உண்மையான பொருள் ஏறக்குறைய 50 மில்லிகிராம்தான். தாளையும் சேர்த்துத்தான் நிறுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகன நிறுத்தத்தில் பிடிபட்ட இருபது வயதுப் பிள்ளைகள் பலர், ஒரு துண்டுத் தாளின் எடைக்காகத் தங்கள் இளமையைச் சிறையில் கழித்தார்கள். அவர்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை. குற்றத்துக்கும் தண்டனைக்கும் ஒரு விகிதம் வேண்டும் என்று நாம் குடிமையியலில் படித்தோமே, அது இங்கே உடைந்தது என்றுதான் சொல்கிறேன்.

1995 கோடை. ஜூலை 2, இண்டியானா மாநிலம் டீர் க்ரீக் திறந்தவெளி அரங்கம். கார்சியாவுக்கு அன்று கொலை மிரட்டல் வந்திருந்தது. அதனால் அரங்கின் விளக்குகளை எரியவிட்டே கச்சேரி நடந்தது. வெளியே நின்ற டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு மனதை உறுத்துவது வேலி உடைந்தது அல்ல, இந்தக் கைதட்டல். மறுநாள் பாதுகாப்புக்கு வரமாட்டோம் என்று காவல்துறை சொல்லிவிட்டது. ஜூலை 3 கச்சேரி ரத்தானது. ரசிகர்களின் நடத்தையால் ஒரு கச்சேரி ரத்தானது அவர்கள் வரலாற்றில் அதுவே முதல் முறை.

குழுவினர் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் வெளியிட்டார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் வராதீர்கள் என்று அதில் நேரடியாகவே கேட்டுக்கொண்டார்கள். உங்கள் பொறுமையையும் பரிவையும் வேறு சிலர் பயன்படுத்திக்கொள்கிறார்கள், சுற்றுப்பயணம் நிற்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான் என்பது அதன் சாரம். அதே வாரம் ஜூலை 5 இரவு, செயின்ட் லூயிஸ் அருகே ரசிகர்கள் தங்கியிருந்த ஒரு முகாம் திடலில் மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் தாழ்வாரம் சரிந்தது. நூறு பேருக்கு மேல் காயம். ஜூலை 9 சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் சுற்றுப்பயணம் முடிந்தது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, ஜெர்ரி கார்சியா மாரடைப்பால் இறந்தார். வயது 53. போதைப் பழக்கத்திலிருந்து மீள ஒரு சிகிச்சை இல்லத்தில் சேர்ந்திருந்தபோது நேர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு கலைந்தது.

ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. பழைய வேனின் முன்பக்கப் படம், ஒரு விளக்கிலிருந்து ஒரு துளிக் கண்ணீர். மறு ஆண்டு ஏப்ரலில் கார்சியாவின் சாம்பலில் ஒரு பகுதியைப் பாப் வியர் ரிஷிகேஷுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்.

அப்படியானால் எல்லாம் வீணா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அன்று பெட்டியில் பணம் சேர்த்த பல குழுக்களின் கச்சேரிகள் இன்று காற்றோடு போய்விட்டன. இவர்கள் சும்மா கொடுத்தவை பிழைத்துக்கொண்டன. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியை பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பதிவாளர் பதிவுசெய்திருந்தார். 1980-களில் அவருடைய நாடாக்கள் வாடகை பாக்கிக்காகக் கிட்டங்கியிலிருந்து ஏலம் போயின. சிலர் அவற்றை வாங்கினார்கள். கைமாறிக் கைமாறி நாடெங்கும் பரவிய அந்தக் கச்சேரியை, 2011-ம் ஆண்டுக்கான தேர்வில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியப் பாதுகாப்புக்குரிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக ஏற்றது. ரசிகர்கள் செய்த ஆயிரக்கணக்கான பதிவுகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இன்றும் இலவசம். குழுவின் ஆவணங்கள் 2008-ல் சான்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றில் ரோஜாவும் கரடியும் வரைந்த அந்தத் தபால் உறைகளும் இருக்கின்றன. குழு தொடங்கிய ஐம்பதாவது ஆண்டான 2015-ல், மிஞ்சியிருந்தவர்கள் அதே சோல்ஜர் ஃபீல்டில் மூன்று நாள் வாசித்தார்கள். அப்போதும் வண்ணம் தீட்டிய உறைகளில்தான் டிக்கெட் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அனுப்பியவர்களில் பலர் தாத்தா பாட்டிகள்.

பிள்ளைகளே, இதில் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அந்தச் சாலைகளில் போன இரண்டு இரண்டு நண்பர்களும் ஏதோ ஒரு பங்கைக் கையில் கொண்டுபோனார்கள். பாதிப் பெட்ரோல், ஒரு கேசட், ஒரு அடுக்கு ரொட்டி, தெரியாதவனுக்குக் கொடுக்க ஓர் அதிக டிக்கெட், குப்பையை அள்ள ஒரு பை. பங்கு கொண்டுவந்தவர்கள் அதிகமாக இருந்தவரை வேலி இல்லாமலே அந்த ஊர் நின்றது. வெறுங்கையோடு வந்தவர்கள் பெருகியபோது, வேலி போட்டும் நிற்கவில்லை. ஊர்ப் பொதுக்குளம், கோயில் திருவிழா, ஏன் நம் குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆகவே கூடாரத்தோடு கிளம்புகிற தம்பி தங்கைகளே, தாராளமாகப் போங்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள். ஓட்டுகிறவர் தூங்காமல் இருக்கப் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுங்கள். இரவு எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்று வீட்டுக்கு ஒரு செய்தி போடுங்கள். கூடாரம் போட்ட இடத்தை, வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக விட்டுவிட்டு வாருங்கள்.

உங்களில் யாராவது நண்பரோடு தூரப் பயணம் போய் ஒரு கச்சேரி கேட்டிருந்தால், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வாசித்தார்கள், கூட வந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துவேன், பழக்கம் விடாது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்